காஸ் பூட்ட வந்தவருக்குக் கோப்பி கொடுத்த கதை

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் தன் வீட்டுக் காஸைப் பூட்டி நிறுத்த வந்த மனிதருக்குக் கதிரை இழுத்துப் போட்டு, கோப்பியும் ஊற்றிக் கொடுத்து, "ஆறுதலாச் செய்யுங்கோ, அவசரமில்லை" என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இனிக் கன நாளைக்கு அந்த அடுப்பில் கொதிக்கிற கடைசிக் கோப்பி அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தால் எனக்கும் ஒரு மிடறு வைத்திருப்பேன்.)

ஊரில் சண்டை முடிந்த அடுத்த வருடம் நான் இங்கே வந்து சேர்ந்தேன். அப்போது கலியாணம் கட்டி எட்டு மாதம். மனைவி சுகந்தி கிளிநொச்சியில் தாயோடு நின்றாள். "பெர்மெஸ்ஸோ, அந்த வதிவிட அனுமதி, கிடைச்ச உடனை கூப்பிடுறன்" என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு வந்தவன், கூப்பிட ஐந்து வருடம் எடுத்தேன். பகலில் மொண்டெல்லோவில் ஒரு டொக்டர் வீட்டில் துப்புரவு வேலை. கோடையில் கடற்கரை உணவகமொன்றில் பாத்திரம் கழுவுதல். படுக்கை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஐந்து ஆண்கள் குறட்டை விடும் ஓர் அறையில். மனைவியைக் கூப்பிடுவதென்றால் ஒழுங்கான வீடு காட்ட வேண்டும் என்றார்கள். அலைந்து திரிந்து ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இரண்டு அறை வீடு பிடித்தேன். லிஃப்ட் கிடையாது. ஆனால் குழாயில் காஸ் வரும். அதை நான் ஊர் முழுக்கப் பீற்றித் திரிந்தேன்.

வீடு கிடைத்ததும் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. காஸும் கறண்டும் தருகிற கொம்பனிகள் இங்கே ஒன்றிரண்டல்ல. "இப்ப இருக்கிற கொம்பனி உன்னை உரிக்குது, எங்களிட்டை வா" என்று தபால் பெட்டியில் துண்டுகள், போனில் பெட்டைகளின் இனிய குரல்கள். நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு கீறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வைபர் அழைப்பில் சுகந்தியைப் பிடித்து வைத்துக்கொண்டு விலைகளை ஒப்பிடத் தொடங்கினோம். அவள் ரியூசன் வகுப்பில் கணக்குப் படிப்பிப்பவள். நான் கணக்கில் எப்படிப்பட்டவன் என்பது இந்தக் கட்டுரை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

உண்மையைச் சொன்னால், அந்த விலைப் பட்டியல்கள்தான் எங்களைக் காப்பாற்றின. ஐந்து வருடத்தில் கதைக்க ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. "சாப்பிட்டீங்களே?" "ஓம். நீர்?" "ஓம்." பிறகு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். இப்போது அப்படியில்லை.

"ஒரு கொம்பனி பின்னேரம் ஏழுக்குப் பிறகு கறண்ட் மலிவு எண்டுது. ஞாயிறு முழுநாளும் மலிவாம்."

"அப்ப உடுப்புத் தோய்க்கிறதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைப்பம். காஸ் விலை மாறாதோ?"

"ஒரு வருசத்துக்கு மாறாது."

"ஒரு வருசத்துக்குப் பிறகு?"

"அது சொல்லேல்லை."

"முதல் அதைக் கேளுங்கோவன்!"

தோய்ப்பம், வைப்பம் என்று அவள் சொல்வதைக் கேட்பதற்காகவே நான் மறுபடி மறுபடி விலை கேட்டேன். பார்த்தேயிராத வீட்டில், பார்த்தேயிராத மெசினில், எங்கள் இருவர் உடுப்பையும் அவள் போட்டுத் தோய்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒப்பிட்டுப் பார்க்கும் இணையப் பக்கத்தில் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டது. பழக்க தோசத்தில் 1 என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினேன்.

"ஏன் ஒண்டு எண்டு போட்டனீங்கள்? நான் ஆர்?"

அழித்துவிட்டு 2 போட்டேன். வருடச் செலவு மளமளவென்று ஏறியது. பில் ஏறியதற்குச் சந்தோசப்பட்டவன் இந்தப் பலேர்மோவிலேயே நான் ஒருவன்தான். அந்த 2 இருந்த பக்கத்தை மூடவும் மனமில்லாமல் பார்த்துக்கொண்டேயிருந்தேன். எனக்கு அவள் பக்கத்தில் வேண்டும் போலிருந்தது. வேறென்னத்தைச் சொல்ல!

அவள் ஒரேயொரு கட்டளை போட்டிருந்தாள். "நான் வந்து காலெடுத்து வைக்கிற அண்டைக்குத்தான் அந்த வீட்டிலை பால் காய்ச்ச வேணும். அது பொங்கி வழியிறதை நான் பாக்க வேணும். அதுக்கு முதல் நீங்கள் தனியக் காய்ச்சிப் போடாதேங்கோ." குடிபுகும் வீட்டில் முதல் பால் பொங்கினால் குறைகள் தீரும் என்பது எங்கள் நம்பிக்கை. ஆகவே அந்த வீட்டில் இருந்த நான்கு மாதமும் நான் பால் விடாத வெறும் பிளேன் ரீதான் குடித்தேன். பால் பக்கெட் ஒன்று கூட வாசல் தாண்டவில்லை.

விசா வந்தது. ரிக்கற்றும் எடுத்தாயிற்று. மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலையில் இறங்குகிறாள். பஞ்சாங்கம் பார்த்து, பன்னிரண்டு மணிக்கு முன் பால் பொங்க வேண்டும் என்று மாமி, சுகந்தியின் தாய், சொல்லியனுப்பினா. அதற்கு முன் புதுக் கொம்பனிக்கு மாறிவிட வேண்டும் என்று எனக்குத் துடிப்பு. மலிவான கொம்பனியைக் கண்டுபிடித்தும் விட்டோம். அதன் துண்டில், "பழைய கொம்பனிக்கு நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, நாங்களே பார்த்துக்கொள்வோம், காஸ் ஒரு நிமிடமும் நிற்காது" என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது.

வாசித்தேன். வாசித்துவிட்டு, "இதென்ன மரியாதை கெட்ட பழக்கம்!" என்று நினைத்தேன்.

கலியாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல் எழும்பினாலே வருடக்கணக்கில் குறை பிடிக்கும் சனம் நாங்கள். நாலு மாதம் அடுப்பெரித்தவனுக்கு "போட்டு வாறன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போவதா? மினுக்கிய சேட்டுப் போட்டுக்கொண்டு பழைய கொம்பனியின் அலுவலகத்துக்குப் போனேன். (அங்கே இத்தாலியனில் நடந்ததை எங்கட பாசையில் சொல்கிறேன்.)

"நான் உங்களை விட்டுப் போறன். ஒரு குறையும் இல்லை. எல்லாத்தையும் முறையா முடிச்சுத் தாங்கோ."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்தார். "மீற்றரைப் பூட்டவோ?"

"ஓம், உங்கட பக்கத்தாலை எல்லாத்தையும் பூட்டுங்கோ."

"அப்ப வீட்டிலை இனி ஒருத்தரும் இல்லையோ?"

"ஏன் இல்லை? என்ரை மனிசியெல்லோ வாறா!"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிவிட்டு முத்திரை குத்தினார். நல்ல வேளை, கறண்டுக்கு இன்னொரு நாள் வந்து விடைபெறலாம் என்று விட்டுவைத்தேன். இரண்டு நாளில் ஆள் வந்தார். கோப்பி குடித்தார். மீற்றரைப் பூட்டிச் சிவப்பு முத்திரை வைத்தார். நான் கைலாகு கொடுத்து அனுப்பிவிட்டு, புதுக் கொம்பனிக்குப் பெருமையோடு போன் எடுத்தேன்.

"பூட்டின மீற்றரை மாத்த ஏலாது, சிஞோர். திருப்பித் திறக்கப் பன்னிரண்டு வேலைநாள் செல்லும்."

சுகந்தி வர ஆறு நாள் இருந்தது. அன்றிரவு வைபரில், "எல்லாம் ரெடியோ?" என்று கேட்டாள். "எல்லாம் ரெடி" என்றேன். பிறகு போய், சீனக் கடையில் ஒரு கறண்ட் அடுப்பு வாங்கி வந்தேன்.

விமான நிலையக் கதவால் அவள் வந்தாள். "மெலிஞ்சு போனீங்கள்" என்றாள். "நீரும்தான்" என்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். பஸ்ஸில் அவள் கடலைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். தொட்டால் வைபர் கட்டாகிப் போகும் என்பது போல ஒரு பயம்.

வலது காலை வைத்து வீட்டுக்குள் வந்தவள், "குளிச்சிட்டுத்தான் அடுப்புப் பத்த வைப்பன்" என்றாள். குளியலறைச் சுடுதண்ணியும் காஸில்தான் வருகிறது என்பது, எப்போதும் பச்சைத் தண்ணியிலேயே குளிக்கும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. கறண்ட் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தேன். மணி பதினொன்று. கறண்ட் அடுப்பையும் சூடாக்குவோம் என்று போட்டேன். டக்! வீடு முழுக்கக் கறண்ட் போய்விட்டது. இரண்டையும் ஒன்றாகத் தாங்காத மீற்றர் அது. அதைத் திருப்பிப் போட நிலமாடிக்கு இறங்க வேண்டும். இறங்கினேன், போட்டேன், ஏறினேன், மறுபடி டக்! (எதையாவது ஒன்றை நிறுத்துவோம் என்ற புத்தி நாலு மாடிக்குக் கீழேதான் வந்தது.)

இரண்டாம் மாடியில் சிஞோரா கோன்செத்தா கதவைத் திறந்து வைத்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தா. புருசன் இல்லாத மனுசி. ஒரே மகன் வேலை தேடி வடக்கே தொரீனோவுக்குப் போய் ஏழு வருடம்.

"ஆரைத் துரத்துறாய்?"

"கறண்டை, சிஞோரா!"

மூன்றாம் முறை நான் ஏறும்போது அவவும் பின்னால் ஏறி வந்தா. பச்சைத் தண்ணியில் குளித்துப் பல் கிடுகிடுக்க, பட்டுச் சேலையோடு, கையில் பால் பானையோடு சுகந்தி குசினியில் நின்றாள். அடுப்பின் குமிழைத் திருகினாள். ஒன்றுமில்லை.

"காஸ் எங்கை?"

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"போட்டு வாறன் எண்டு சொல்லப் போனனீங்களோ?"

"ஓம்."

"காஸ் கொம்பனிக்கு?"

"ஓம்..."

"என்னை விட்டிட்டு வரேக்கை கட்டுநாயக்கா எயாப்போட்டிலை ஒருக்காத் திரும்பிக் கூடப் பாக்கேல்லை. நான் கண்ணாடியோடை நிண்டு கை காட்டினபடி. காஸுக்குப் போய்ச் சொல்லிப்போட்டு வந்திருக்கிறீங்கள்!"

"திரும்பிப் பாத்திருந்தா நான் பிளேன் ஏறியிருக்க மாட்டன், சுகந்தி."

ஐந்து வருடம் சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான். சொல்லிவிட்டு அழுதேன். அவளும் அழுதாள். ஒரு சொல்லும் விளங்காத சிஞோராவும் அழுதா. பிறகு மணிக்கூட்டைப் பார்த்த நான் பதறிப்போய், கறண்ட் அடுப்பும் இன்னும் சூடேறவில்லை, பன்னிரண்டுக்குள் பால் பொங்க வேண்டும் என்ற விசயத்தைச் சிஞோராவுக்குச் சொல்ல, "மாத்ரி மியா! எனக்கு அடுப்பில்லையோ?" என்று பானையைப் பறித்துக்கொண்டு இறங்கினா.

பால் நுரைத்து எழும்பியது. நல்ல குடும்பப் பெண் யாராயிருந்தாலும் செய்வதைத்தான் சிஞோராவும் செய்தா. பாய்ந்து நெருப்பைக் குறைத்துப் பாலைக் காப்பாற்றினா. நான் கூட்டினேன், மறுபடி குறைத்தா. "விடுங்கோ, சிஞோரா!" "உனக்கு விசரோ? வழியப் போகுது!" மூன்றாம் முறை நான் அவவின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள, பன்னிரண்டுக்கு ஏழு நிமிடம் இருக்கையில், பால் பொங்கி, அன்று காலைதான் அவ மினுக்கிய அடுப்பெல்லாம் வழிந்தது. சுகந்தி கைதட்டிச் சிரித்தாள். பால் பொங்கினால் வீட்டின் குறை தீரும் என்று நான் விளக்கினேன்.

சிஞோரா கொஞ்சம் யோசித்தா. "எந்த வீட்டின்ரை?"

பால் எங்களுடையது, அது பொங்கிய அடுப்போ அவவினுடையது.

மூன்று மாதம் கழித்து, மகனுக்குப் பலேர்மோவிலேயே வேலை கிடைத்து, அவன் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிட்டான். அடுத்த நாள் சிஞோரா நான்கு மாடியும் ஏறி வந்தா. கையில் ஒரு லீற்றர் பால். முகத்தில் களவெடுத்த ஆளின் கலக்கம்.

"உங்கட அதிட்டத்தை நான் எடுத்துப்போட்டன். இப்ப உங்கட அடுப்பிலை பொங்க வைச்சுத் திருப்பித் தாறன்."

சுகந்தி மூன்று மாத இத்தாலியனில் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வேண்டாம், சிஞோரா. எங்கட வீட்டிலை இப்ப ஆள் குறையில்லை. இந்த மனிசனுக்குப் புத்தி மட்டும்தான் குறைவு. அது பாலாலை வராது."

சிஞோரா அதை அன்று பின்னேரமே கட்டடம் முழுக்கப் பரப்பினா. பாண் கடைக்காரன் வரை தெரியும். எங்கள் மகளுக்கு இப்போது ஆறு வயது. தபால் பெட்டியில் புது விலைத் துண்டு ஏதும் வந்து நான் மூக்குக் கண்ணாடியைத் தேடத் தொடங்கினால் போதும், தாயைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, பலேர்மோ ராகத்தில் இழுத்துச் சொல்கிறாள்: "பாலாலை வராது, பப்பா."