பதினேழு கட்டங்கள்

டிரம் மூடியில் செருகியிருந்த வெப்பமானியின் முள் நூற்று அறுபதில் நின்றது. நூற்றுப் பத்தைத் தாண்டக் கூடாது என்றது சுவரில் ஒட்டியிருந்த தாளின் எட்டாம் கட்டம்.

"மாமா, கொஞ்சம் தொறந்து பாக்கலாமா?" என்றான் பரணி.

முரளிதரன் பதினொன்றாம் கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். மூடியைத் திறக்கக் கூடாது. டெக்சாஸில் பதினெட்டு நாள் டிரெய்னிங்கில் கற்றது. அந்தப் பதினெட்டு நாளும் அவர் தயிர்சாதம் தேடி அலைந்தது ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில் யாருக்கும் தெரியாது.

அங்கே தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. புதிய பிளான்ட் ஹெட் நாகபூஷணம் டெக்சாஸில் ஒன்பது வருடம் இருந்தவர். கேன்டீனில் அவர் காதுபட, மாட்டு நெஞ்சுக்கறியைப் பன்னிரண்டு மணி நேரம் புகையிலேயே வேகவைக்கும் வித்தையை முரளிதரன் விளக்கிவிட்டார். அப்படியானால் ஞாயிறு மாலை வடமாலபேட்டையில் உங்கள் வீட்டுக்கு வருகிறேன் என்றார் அவர்.

அந்தக் கறி தன் பிரிட்ஜுக்குள் வந்தால் நகரி பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி தாட்சாயணி சொல்லிவிட்டாள். கறி எதிர்வீட்டு ஷோபா டீச்சர் பிரிட்ஜில் குடியேறியது.

மற்றதைத் தாள் பார்த்துக்கொள்ளும். பதினேழு கட்டம், ஒவ்வொன்றிலும் 'செய்தவர்', 'சரிபார்த்தவர்'. பரணி தாட்சாயணியின் தம்பி, தொழிற்சாலையில் முரளிதரனுக்குக் கீழே வேலை. ஆடிட்டுக்கு முந்தின நாள் பழக்கத்தில் சனிக்கிழமையே பதினேழிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டான். பக்கத்திலேயே முரளிதரனும் போட்டார். காலை ஆறுக்குப் பரணி வந்து, மூடியிருந்த டிரம்முக்கு அடியில் மாங்கட்டையை மூட்டினான். ஏழுக்கு எழுந்த முரளிதரன் தாளைப் பார்த்துத் திருப்தியானார்.

இப்போது சூட்டைக் குறைக்கக் கட்டையை நனைக்கச் சொன்னார். புகை வீட்டுக்குள் புகுந்தது.

"அமெரிக்காவுல எல்லாரும் இப்படிக் கண்ணக் கசக்கிக்கினேதான் துன்றாங்களா?" என்றாள் தாட்சாயணி.

வாசல்பக்கம் பெடஸ்டல் ஃபேன் வைத்தார். புகை தெருவுக்குப் போனது. கொடியில் காய்ந்த வேட்டிகளோடு தறிக்காரர் ரங்கையா வந்தார். கொசுப்புகை இந்தத் தெருவுக்கு மட்டும் எதற்கு என்று கேட்டுக்கொண்டு அடுத்த தெரு வெங்கடம்மா வந்தாள். இருவரையும் சமாதானப்படுத்த, சாயங்காலம் ஆளுக்கு ஒரு துண்டு என்று வாக்குக் கொடுத்தார். மாலைக்குள் பதினான்கு பேர் தட்டோடு வந்துவிட்டார்கள். ரங்கையா மட்டும் தான் துன்ன மாட்டேன், வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று நாற்காலி கேட்டார்.

"மாமா, டிரம் ஓட்டைக்குக் கீழ வச்ச தட்டுல ஒரு சொட்டு கொழுப்பு கூட விழலயே."

"கொழுப்பு உள்ளயே நிக்குது. அதாண்டா டெக்னிக்."

ஆறு மணிக்கு நாகபூஷணம் காரிலிருந்து இறங்கினார். கண்களை மூடி நீளமாக மூச்சிழுத்தார்.

"கறியில கொழுப்பு உருகுற வாசன. ஒம்பது வருஷம் மோந்த மூக்கு இது, ஏமாறாது."

தாளைப் படித்தார். முப்பத்து நான்கு கையெழுத்தையும் விரலால் ஓட்டிப் பார்த்தார்.

"மேனேஜர்னா இப்படி இருக்கணும் முரளி. நாளைக்கு ஆபீஸ்ல வந்து பாருங்க."

முரளிதரனுக்குப் புகை இல்லாமலே கண் கலங்கியது. கையுறை மாட்டிக்கொண்டார். தட்டுகள் முன்னால் நகர்ந்தன. பரணி செல்போனில் வீடியோ எடுத்தான். மூடியின் கைப்பிடியில் கை வைத்தபோது கேட் கிறீச்சிட்டது.

ஷோபா டீச்சர். விடிவதற்குள் கிளம்பி அரக்கோணம் போயிருந்தவள் இப்போதுதான் திரும்பியிருந்தாள். கையில் கனமான கறுப்புக் கேரிபேக்.

"புகை வர்றதப் பாத்தேன் சார். டிரம் சூடாயிடுச்சு போலன்னு கறிய நானே எடுத்துக்கினு வந்துட்டேன்."