தடுப்புச் சுவரைப் பாதியில் நிறுத்திய காரணம்

போடிநாயக்கனூர்
ஞாயிற்றுக்கிழமை

என்மேல் கோபமாக இருக்கும் அன்பு மாப்பிள்ளை விஜயபாண்டிக்கு, உன் அக்கா புருஷன் சோணை எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்கால் நீங்கலாக நானும் கற்பகமும் சௌக்கியம். திருப்பூரில் நீயும் சுஜாதாவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கப் பரமசிவன் துணை. போனில் நான் வாயைத் திறந்தாலே வேறு ஆள் லைனில் வருவதாகச் சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நாம் பாதிப்பாதி போட்டு வாங்கிய இடத்தில் ஏன் ஒரு குடித்தனமும் நிற்கவில்லை என்று கேட்டாய். "வாங்கிப் போடுங்க மச்சான், நாம தூங்கும்போதும் வாடகை வரும்" என்று நீ சொன்னதை நம்பித்தான் இறங்கினேன். நான் தூங்கத்தான் செய்தேன். குடியிருந்தவர்கள்தான் தூங்கவில்லை.

பழைய ஏலக்காய்க் குடோனைத் தடுத்து மூன்று வீடாக்கும் பொறுப்பை என்னிடம் விட்டாய். கொத்தனார் எட்வர்ட் தடுப்புச் சுவரைக் கூரை வரை ஏற்றப் போனபோது, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தச் சொன்னேன். "மேல என்னண்ணே வைக்கப் போறீக?" என்று கேட்டான். ஒன்றுமில்லை, பேச்சுப் போய்வர வழி என்றேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கலவையைக் குழைக்கப் போய்விட்டான்.

நான் என்ன செய்வேன், மாப்ளே? போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் சூப்பர்வைசராகவே காலம் தள்ளியவனுக்கு வீடு என்றால் லயம்தான். வரிசையாக வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை, எந்த இடைச்சுவரும் அந்தக் கூரையைத் தொடாது. ஒரு பக்கம் ஞானபாக்கியம் ஜெபம் பண்ணுவாள், அதில் எங்கள் பெயர் வரும். மறுபக்கம் ராக்கு புருஷனைத் திட்டுவாள், அதிலும் எங்கள் பெயர் வரும். சாரல் பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது, ஆனாலும் தனியாக இருந்ததாக ஞாபகமே இல்லை. கற்பகத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோது சுவருக்கு மேலே முதலில் மிளகு ரசம்தான் வந்தது, என்ன செய்கிறது என்ற கேள்வி அப்புறம்தான் வந்தது. இப்போது வாடகைக்கு இருக்கிற மாடி வீட்டில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தச் சத்தங்களுக்கு ஏங்கிப் போய்விட்டேன்.

முதல் வீட்டுக்குப் புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்து, வாயால் பேசப் பயந்து செல்போனில் எழுதிக் காட்டியே குடித்தனம் நடத்த, நடு வீட்டுக்கு வந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் அன்புச்செல்வன் அந்தப் பெண் தும்மிய தும்மலுக்குச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே பாலிசி எடுக்கச் சொல்ல, கடைசி வீட்டு அருணா டீச்சர் டியூஷனில் கணக்குக் கேட்கும்போதெல்லாம் அதே ஆள் விடை சொல்ல, அதையும் தப்பாகச் சொல்ல, டீச்சர் ஸ்டூல் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டித் திட்ட, சமாதானம் பண்ணப் போன நான் லயத்து நினைப்பில் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பைச் சுவர் வழியாக நீட்ட, டீச்சர் சுத்த சைவம் என்று அப்போதுதான் தெரிய, மாதம் முடிவதற்குள் மூன்று வீட்டுச் சாவிகளும் என் கைக்கு வந்துவிட்டன.

போன வாரம் ராக்கு வந்தாள். அவளுக்கு எஸ்டேட்டில் வேலை முடிந்துவிட்டது. லயத்து வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டுமாம். புருஷனும் இப்போது உயிரோடு இல்லை, போக இடமும் இல்லை. நம் வீட்டில் ஒன்றைக் கேட்டாள். அவள் முகம் கழுவப் போன நேரத்தில் கற்பகம் என்னைத் தனியே இழுத்தாள்.

"ராக்குகிட்ட வாடகை கேக்க ஒங்களுக்கு வாய் வருமா? எனக்கு வராது. தம்பி காசும்ல அதுல கெடக்கு. பேசாம வித்துட்டு வேற சோலியப் பாருங்க."

நியாயம்தான். ராக்குவிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு மலைப் பஸ்சுக்குப் போனாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே, மறுபடியும் குடோனாக்கக் கேட்கிறாரே உனக்குத் தெரிந்த வியாபாரி, அவருக்கே கொடுத்துவிடு. எங்கே கையெழுத்து என்று சொன்னால் வந்து போடுகிறேன்.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல உயரமான சுவருள்ள வீட்டில் வாழ ஆசீர்வாதம். சுஜாதாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
வீட்டுக்காரனாகும் ஆசை விட்டுப்போன
சோணை

பின்குறிப்பு: வியாபாரியிடம் எதுவும் பேசிவிடாதே. கடிதத்தைத் தபாலில் போடப் போகும் வழியில் நம் வீடுகள் திறந்து கிடப்பதைப் பார்த்து உள்ளே போனேன். கடைசி வீட்டில் ராக்கு பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறாள். நடு வீட்டில் உன் அக்கா எங்கள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். இது என்ன கூத்து என்றேன்.

"நான்தான் ராக்குவ வரச் சொன்னேன். வீட்டுக்காரியா இருந்தாத்தான அவகிட்ட வாடகை கேக்கச் சங்கடம்? நம்ம பாதியையும் தம்பி பேருக்கே எழுதிக் குடுத்துருங்க. நானும் அவளும் ஒண்ணாக் குடியிருந்து ஒண்ணா வாடகை குடுத்துட்டுப் போறோம். அந்த மாடி வீட்டுல பேச ஆளில்லாம எனக்கு நெஞ்சடைக்குது" என்றாள். இத்தனை நாள் இதை என்னிடம் அவள் சொல்லவே இல்லை.

எனவே இன்று முதல் நீங்கள்தான் எங்கள் வீட்டுக்காரர். மரியாதை கூடியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வாடகையைக் கொஞ்சம் பார்த்துப் போடுங்கள், மாப்பிள்ளை. நாங்கள் இனி எங்கேயும் போவதாக இல்லை.