கேனும் நானும் வடக்கே போன கதை

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் திருச்செங்கோட்டில் சொந்தமாக போர்வெல் போடும் ரிக் வண்டி நிறுத்தி, கருங்கல்லைத் துளைத்துத் தண்ணீர் காட்டியவன். அப்படிப்பட்டவனுக்கே ஒருவன் தண்ணீரைப் பற்றிப் பாடம் எடுத்தால் எரியுமா, எரியாதா?

எடுத்தவன் என் மகள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன். ஆத்தூர்க்காரன், சென்னையில் ஆராய்ச்சி. கரையோரக் கடல் எந்தப் பக்கம் ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறானாம். (இதற்குச் சம்பளம் வேறு!) மாப்பிள்ளை பார்க்க, மகளோடு அவனுடைய கடற்கரை ஆபீசுக்குப் போன என்னிடம் திரையைக் காட்டினான். கடல் முழுக்கக் கட்டம், கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி. கரையோரம் ஆழம் குறைவாம்; காற்று, ஓதம் என்கிற ஏற்றவற்றம், உப்பு, ஆற்றுத்தண்ணீர் எல்லாம் சேர்ந்து இழுக்குமாம்.

“இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருக்குதுங்களா?”

“இல்லைங்க ஐயா.”

“அப்புறமென்ன கடலு? அலை கரைக்குத்தானுங்க வருது? எதைப் போட்டாலும் கரைக்குத்தான் வரும்.”

“இன்னைக்கு வராதுங்க. வடக்கே முகத்துவாரத்துக்குப் போயிடும்.”

“நானே படகுல போயி ஒரு காலி கேனைப் போடறேன். இங்கயே ஒதுங்குச்சுன்னா எம்புள்ளைய மறந்துருங்க. வடக்க போச்சுன்னா முகூர்த்தத்துக்கு நாள் பாக்கறேன்.”

“அப்பா, சும்மா இருங்கப்பா!” என்றாள் மகள். அவன் சரியென்று தலையாட்டினான்.

வாடகைப் படகில் போய்ப் போட்டேன். திரும்பும்போது படகு இன்ஜின் இருமியது. “கம்ப்ரசரையே கழட்டி மாட்டுனவன் நானு, தள்ளுங்க” என்று படகுக்காரரிடம் ஸ்பேனரைப் பிடுங்கினேன். கழற்றிய நட்டு விரலில் வழுக்கிக் கடலுக்குள் இறங்கியது. (போர்வெல் குழி என்றால் காந்தம் விட்டு எடுத்திருப்பேன்.)

“பெர்சு, வேற போட்டைக் கூப்புடவா?”

“வேண்டாங்க. அலையே கரை சேத்திரும்.”

அன்றைய என் மூளைக்கு முட்டைக்கோழி மூளை மேல். அலை எங்களைத் தூக்கியது, இறக்கியது. கரைப்பக்கம் ஓரடி நகர்த்தவில்லை. பக்கத்திலேயே அந்தக் கேன், கூடப் பிறந்ததைப் போல. ஜோடியாக வடக்கே போனோம். காலையில் தின்ற தோசையைக் கடலுக்கே கொடுத்தேன். (அதையும் கணக்கில் சேர்த்தானோ என்னவோ!)

முகத்துவார மணல்திட்டில் படகு தட்டி நின்றது. அங்கே பையனும் என் மகளும் கையில் இளநீரோடு நின்றார்கள்.

“வாங்க மாமா” என்றான்.

ஐயாவாக இருந்தவன் மாமாவாகிவிட்டேன்! மறுக்க வாயைத் திறந்தால் வாந்திதான் வரும். நாள் பார்த்தேன்.

இப்போதும் நான் செருப்பை மாட்டினால் போதும், பேத்தி கத்துகிறாள்: “அப்பா, அப்புச்சி கிளம்பிட்டாரு! எந்தக் கரைல போயி நிக்கோணும்னு பாத்துச் சொல்லுங்க!”