விளிம்புவரை தேநீர்

மூன்றாவது பரிசோதனைக்காக ஹிக்மத் உஸ்பெகிஸ்தானின் அந்திஜானிலிருந்து பக்கத்து நகரமான நமன்கானுக்கு வந்திருந்தான், பொய்ப்பெயரோடும் கறுப்புக் கண்ணாடியோடும்.

ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன் அங்கே ஒருமுறை தடுமாறிவிட்டான். ஊர் திரும்பியதும் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். அடுத்த மாதம் கல்யாணம். மணப்பெண் ஜுல்ஹுமோருக்குத் தன்னால் கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று வந்துவிடக் கூடாது என்று தூக்கமில்லாமல் தவித்தான்.

உள்ளூரில் நுண்ணோக்கியில் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் இந்தக் கிருமி உயிரணுவுக்குள் ஒளிந்துகொள்ளும், எளிதில் கண்ணில் படாது. ரத்தம் கொடுத்தான். 'உண்டு' என்று வந்தது. ரத்தத்தில் தெரிவது திருடனின் காலடித்தடம்தான். அவன் உள்ளே இருக்கிறானா, எப்போதோ போய்விட்டானா என்று தடம் சொல்லாது. திருடனையே பிடிப்பது பிசிஆர் பரிசோதனை. அதற்குச் சிறுநீர் போதும்.

முகக்கவசம் அணிந்த செவிலி குப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். "கடைசியா எப்போ போனீங்க?"

"இப்பத்தான்... பஸ் ஸ்டாண்டுல."

முதல் சொட்டுகளில்தான் கிருமி சேர்ந்து வரும், இரண்டு மணி நேரம் அடக்கிவிட்டு வாருங்கள் என்றாள்.

கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருந்தவனின் தோளில் ஒரு கை விழுந்தது. ஜுல்ஹுமோரின் தாய்மாமன் தூர்சுனாலி.

"என்ன மாப்பிள்ளை, வெயிலே காணோம், கண்ணாடி எதுக்கு?"

கண்வலி என்றான். அதற்குப் பச்சைத் தேநீர்தான் மருந்து என்று கடைக்குள் இழுத்துப்போனார். விருந்தாளி நெடுநேரம் இருக்க வேண்டும் என்ற மரியாதையில் கோப்பையில் இரண்டே வாய் ஊற்றினார். தீர்ந்ததும் மறுபடி இரண்டு வாய். செருப்பு வாங்க வந்தேன் என்றான். கூட வருகிறேன் என்றார். இல்லை, நோயாளி நண்பனைப் பார்க்க என்றான். எந்த ஆஸ்பத்திரி என்றார். கொல்லைப்பக்கம் போக எழுந்தவனை, பெரியவன் பேசும்போது என்ன அவசரம் என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். கால்மேல் கால் போட்டு ஹிக்மத் வியர்த்தான்.

திடீரென்று தூர்சுனாலி பேச்சை நிறுத்தினார். கெண்டியைச் சாய்த்து ஹிக்மத்தின் கோப்பையை விளிம்புவரை நிறைத்தார்.

நிறைந்த கோப்பைக்கு அந்த ஊரில் ஒரே பொருள்தான்: எழுந்து போ.

மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணம் போயிற்று. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஆய்வகத்துக்கு ஓடினான். குப்பியை வாங்கி நிரப்பி நீட்டும்போது கண் கலங்கியிருந்தது. செவிலி விசாரிக்க, மாமா கோப்பையை நிறைத்த கதையைக் கொட்டிவிட்டான்.

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"அவரு என் வீட்டுக்காரரு, மாப்பிள்ளை. கறுப்புக் கண்ணாடி போட்டா எனக்கு அடையாளம் தெரியாதா? ரெண்டு மணி நேரம் உங்களை எழுந்திரிக்க விடாதீங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். நேரமானதும் நிறைச்சு ஊத்தியிருக்காரு."