போலீஸ் மார்க்

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் உளவியல் கற்பித்தவள் நான். ஆய்வு முறைகள் பற்றிய முதல் வகுப்பிலேயே, கிடைத்த விடையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள் என்று கண்டிப்புடன் சொல்வேன். சொல்லும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஏனெனில் நான் ஒருமுறை மாற்றியிருக்கிறேன். அதுவும் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரின் விடையை.

மலையாள அரசின் கீழிருந்த தமிழ் ஊர்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய எல்லைப் போராட்டம் சூடேறியிருந்த காலம் அது. எங்கள் ஊர் பாறசாலைக்கு அருகே. திருவனந்தபுரத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு நினைவாற்றலைச் சோதிக்கும் பயிற்சி ஒன்றைப் பேராசிரியர் தந்திருந்தார். பொருளற்ற பன்னிரண்டு அசைகளை ஒருவருக்குக் கற்றுக்கொடுத்து, மறுநாள் எத்தனை நினைவிருக்கின்றன என்று குறிக்க வேண்டும். பொருள் இருந்தால் பழைய அறிவு உதவிக்கு வந்துவிடும். ஆகவே தமிழிலும் மலையாளத்திலும் இல்லாதவையாகத் தேடி உருவாக்கினேன்: கெப், ஞுட், ழிம், தொவ்... (எந்த மொழிக்கு எந்த ஊர் என்று எல்லோரும் அடித்துக்கொண்டிருந்தபோது, எம்மொழியிலும் சேராத ஒன்றை உண்டாக்கிய பெருமை எனக்கு.)

அகப்பட்டவர் என் அண்ணன் தாசையன். தையல்காரர். ஒரேயொரு போராட்டக் கூட்டத்துக்குப் போய்வந்து, அன்றுமுதல் காக்கித் துணி தைக்கவும் பயந்தவர். ஞாயிறு ஆராதனை முடிந்ததிலிருந்து மாலைவரை உருப்போட்டும் ஏழு அசைகளைத் தாண்டவில்லை. “மக்கா, இது மண்டையில நிக்காதாக்கும்” என்று கைவிரித்தார்.

மறுநாள் காலை கல்லூரிக்குக் கிளம்பிய எனக்கு அவர் துணைக்கு வர, முதலில் நெய்யாற்றின்கரைக்குப் பஸ் ஏறினோம். வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. முந்தின வாரம் இப்படி இறக்கப்பட்ட இருவர் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என் நோட்டை விரித்தார்.

“இது எந்தா? தமிழோ, மலையாளமோ?”

“ரெண்டும் இல்ல, சார்.”

என் ஆயுளிலேயே மிகத் துல்லியமான, மிக முட்டாள்தனமான விடை அதுதான்.

அவர் அண்ணனிடம் திரும்பி, இது என்னவென்று கேட்டார். பயத்தில் அண்ணனுக்கு விளக்கம் வரவில்லை, பட்டியல் வந்தது. கெப் முதல் கடைசிவரை, வரிசை மாறாமல், பன்னிரண்டும். (தங்கையாகப்பட்டவள் என்ன செய்தாள்? விரல்விட்டு எண்ணினாள்.)

“ரகசிய பாஷையாக்கும், சார்” என்றார் கான்ஸ்டபிள். அண்ணனை இறங்கச் சொன்னார்கள். அவர் என் கையைப் பற்றிக்கொண்டார்.

இது ஞாபகசக்திக்கான கல்லூரிப் பரீட்சை, வேண்டுமானால் நீங்களே முயன்று பாருங்கள் என்று எந்தத் துணிச்சலில் சொன்னேனோ தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் நோட்டை என்னிடம் நீட்டினார்.

“இதுக்கு மார்க் உண்டோ?”

“உண்டு, சார்.”

ஒருமுறை வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னார். மூன்று சரியாக இருந்தன.

“எத்ர?”

பேராசிரியரின் முகம் கண்முன் வந்தது. அண்ணனின் விரல்கள் இறுகின.

“ஒம்பது, சார்.”

“இவனுக்கு?”

“நேத்து முழுக்கப் படிச்சும் ஏழுதான், சார்.” அதில் பொய்யில்லை.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை ஒருமுறை பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அண்ணனை இரக்கத்துடன் நோக்கி, உட்காரச் சொல்லிக் கையசைத்தார். பஸ் கிளம்பியது.

அண்ணனுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. சட்டைப் பையில் இருக்கும் கண்ணாடியை வீடெங்கும் தேடுகிறார். அந்தப் பன்னிரண்டை மட்டும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்கிறார். எங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை மார்க் அட்டையோடு வந்தாலும், முதலில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டே கேட்பார்:

“மக்கா, இது நெசமான மார்க்கா, போலீஸ் மார்க்கா?”