ஒரு 'மோ'வின் நீளம்

"எழுதினதை மட்டும் பாடுங்க, புருனோரோ. ஒரு பிருகாகூட வேண்டாம்."

"எழுதினதை மட்டும் பாட நான் எதுக்கு? உங்க வீட்டுக் கோழி போதுமே."

லெலியோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அரண்மனைச் சங்கீதத் தலைவர் வேலையில் ஒரு வருஷமாகத் தற்காலிகமாகத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்று பிரபுவின் மகள் கல்யாண விருந்து. இவர் இசையமைத்த பாட்டு பிரபுவுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். பிரபுவோ, வார்த்தை புரியாத பாட்டைக் கேட்டாலே முகம் சுளிக்கிறவர்.

புருனோரோ சமர்த்தாகத்தான் பாடினார். ஒவ்வொரு வார்த்தையும் பளிச்சென்று விழுந்தது. ஹார்ப்ஸிகார்ட் வாசித்துக்கொண்டிருந்த லெலியோவுக்கு உயிர் வந்தது.

கடைசி வார்த்தை 'அமோரே', அதாவது அன்பு. 'அ' வந்தது. 'மோ' வந்தது. 'ரே' வரவில்லை.

'மோ' படியிறங்கியது, ஏறியது, ஒரே சுரத்தில் நின்று ஆடு மாதிரிக் கத்தியது.

"முடிச்சுத் தொலைங்க," என்று பல்லைக் கடித்தார் லெலியோ. புருனோரோ திரும்பியே பார்க்கவில்லை.

லெலியோ முடிவுச் சுரங்களை ஓங்கித் தட்டினார். மனுஷன் அதையே பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு சங்கதியைக் கிளப்பினார். குரலை அமுக்க லெலியோ பலமாக வாசித்தார். குரல் அதற்கு மேல் போயிற்று.

எக்கேடோ கெடட்டும் என்று லெலியோ கையை எடுத்துவிட்டார். அது இன்னும் மோசம். வாத்தியம் நின்றதில் கூடமே அடங்கி, அந்த ஒற்றை 'மோ' மட்டும் கணீரென்று கேட்டது.

பிரபு சாப்பாட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

ஒருவழியாக 'ரே' வந்தது.

"லெலியோ," என்றார் பிரபு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த வார்த்தையை விட மனசில்லாம பிடிச்சு வச்சிருந்தீங்களே, என் பொண்ணை அனுப்ப எனக்கும் அப்படித்தான்யா இருக்கு. இனிமே வேலை உங்களுதுதான்."

"அந்த இடத்தை யோசிக்கவே மூணு வாரம் ஆச்சுங்க, பிரபு," என்றார் லெலியோ, கொஞ்சமும் கூசாமல்.

வழக்கப்படி பாட்டு முடிந்த கையோடு, வறுத்த மயில் முழுத் தோகையோடு பந்திக்கு வந்தது. அப்பாடா என்றிருந்தது லெலியோவுக்கு. சமையற்கட்டு வாசலில் புருனோரோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"திட்டினதை மனசுல வச்சுக்காதீங்க. எப்படிய்யா தோணிச்சு அந்த 'மோ'?"

புருனோரோ வாயைத் திறப்பதற்குள், தலைமைச் சமையல்காரர் மெனிகோ வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"நல்ல வேளை அண்ணே, வாசல்லேர்ந்து நான் கைகாட்டினதும் புரிஞ்சுக்கிட்டு இழுத்தீங்க. தரையில விழுந்த மயிலைக் கழுவி, ஒவ்வொரு இறகாத் திரும்பச் செருக நேரம் வேணாமா?"