மாமியார் பானை

பிரைனெஸ்தேயிலிருந்து கையுஸ் விபீடியுஸ், கூமே ஊரில் இருக்கும் மைத்துனன் நுமீசியுஸுக்கு எழுதுவது. நீ நலமாக இருந்தால் சந்தோஷம், நானும் நலம் என்று தொடங்குவதுதானே முறை. முறைக்கு எழுதிவிட்டேன், இரண்டாவதை மட்டும் நம்பாதே.

மச்சான், உன் அம்மா சாப்பிடுகிறார். முதலில் அதைப் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொள், மிச்சத்தைப் படித்தால் சந்தோஷம் நிற்காது. உன் அப்பா போனதிலிருந்து அத்தை தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தது உனக்குத் தெரியும். ஆட்டுக்கறி வைத்தால் மண் நாறுகிறது, கஞ்சி வைத்தால் மண் நாறுகிறது, தேனடை வைத்தால் அதிலும் மண். துரும்பாகிவிட்டார். இலையுதிர் காலத்தில் உன் ஊருக்கு வந்தாரே, அங்கே அந்தத் துறைமுக வாசல் குயவனிடம் தனக்கென்று ஒரு பானை வாங்கி, தோள் பக்கத்தில் பெயரையும் கீறச் சொல்லி, இங்கே கொண்டுவந்து உக்கிராணத்து மேல்தட்டில் வைத்துவிட்டார். "என் சாம்பலுக்கு இது. வர்ற பிதுர் நாள் கடைசியில கொண்டுபோய்க் கல்லறை மாடச்சுவர்ல உங்க மாமா பக்கத்துல வச்சிடுவேன். அதுவரைக்கும் யாரும் தொடப்படாது" என்றார். நான் தொடுவேனா? எனக்கு அந்தத் தட்டுக்குக் கீழே நடக்கவே கால் கூசும்.

தொட்டவள் புதிதாக வந்த சமையல்காரி ஹெலிக்கே. தப்பு அவள் மேல் பாதி, நம் மொழி மேல் பாதி. கடலை வேகிறதும் பானை, கட்டை வெந்த பிறகு ஆள் போய்ச் சேர்கிறதும் பானை, இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்துவிட்டுப் போன முன்னோர்களை என்ன சொல்ல! அன்றைக்குக் கொண்டைக்கடலையும் பூண்டுத்தாளும் சீரகமும் போட்டு, இரண்டு சொட்டு மீன்சாறு விட்டு ஒன்று செய்திருந்தாள். வாசனைக்கே அத்தை எழுந்து வந்து உட்கார்ந்துவிட்டார். வழக்கம்போல வீட்டுத் தெய்வங்களுக்கு ஒரு கரண்டி எடுத்து அடுப்பில் போட்டு, "தெய்வங்களுக்குத் திருப்தி" என்று கணீரென்று சொன்னேன். அத்தை ஒரு கிண்ணம் காலி செய்தார், இன்னொன்று கேட்டார், ரொட்டியால் வழித்தார். உன் அக்கா அழுதே விட்டாள். அடியில் ஒட்டியது ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று நான் அடுக்களைக்குப் போய்ப் பானையைக் கவிழ்த்தால், தோளில் அத்தையின் பெயர், 'ஓர்பியா' என்று இருக்கிறது.

"அடிப்பாவி, இது பெரியம்மா பானை!"

"ஆமாங்கய்யா. பெரியம்மா பானைன்னு அம்மாதான் சொன்னாங்க. பெரியம்மாவுக்கு ஆக்கத்தானே எடுத்தேன்?"

மறுநாள் வேறு பானையில் அதே கடலை, அதே சீரகம், அதே கை. அத்தை ஒரு வாய் வைத்தார், மண் என்றார், தட்டைத் தள்ளினார். அதற்கடுத்த நாள் பழையபடி அந்தப் பானையிலேயே வைத்தோம், வழித்துச் சாப்பிட்டார். அன்றிலிருந்து காலையில் அது அடுப்பில் ஏறும், மத்தியானம் மேல்தட்டில் ஏறும். நடுவில் நானும் உன் அக்காவும் கரியைத் தேய்க்கிறோம். சாம்பலுக்கு வாங்கிய பானையைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிற வீடு இந்த ஊரிலேயே நம் வீடுதான். அத்தை தூங்கி எழுந்ததும் நேராகப் போய்ப் பானையைத் தடவிப் பார்ப்பார்.

"என்ன மாப்பிள்ளை, சூடா இருக்கு?"

"வெயில் அத்தை."

"இந்தக் குளிர்லயா?"

"தெக்கு ஜன்னல் அத்தை. அப்படித்தான் அடிக்கும்."

"பிசுபிசுங்குதே?"

"விரிசல் விடாம இருக்க எண்ணெய் பூசினோம்."

"சீரகம் மணக்குதே?"

உன் அக்கா, "பூச்சி வராம இருக்கத்தாம்மா" என்றாள். அத்தை எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு வேட்டி நனையாத குறை என்று சொல்லலாம், ஆனால் நாம் வேட்டி கட்டுவதில்லை.

இப்போது நிலைமை இதுதான். பிதுர் நாட்கள் நெருங்குகின்றன. கடைசி நாளில் அவர் பானையை மாடச்சுவருக்குக் கொண்டுபோய்விட்டால் அடுப்பில் வைக்கப் பானை இல்லை, பிறகு அவர் வாயில் ஒரு பருக்கை இறங்காது. உண்மையைச் சொல்லலாமென்றால், சாவுப் பானையிலா எனக்குச் சோறு போட்டீர்கள் என்று அன்றைக்கே படுத்துவிடுவாரோ என்று பயம். மச்சான், எனக்கு அந்தக் கிழவியைப் பிடிக்கும். வெளியே சொல்லாதே. ஆகவே அதே குயவனிடம் அதே மாதிரி ஒன்று வாங்கி, பெயரைக் கீறி, கம்பளி மூட்டைக்குள் ஒளித்துக் கொண்டு உடனே கிளம்பி வா. புதியது மாடத்துக்குப் போகட்டும், பழையது அடுப்பில் இருக்கட்டும். அளவு தெரிய மூடியை இந்தத் தாளின் மேலேயே கவிழ்த்துக் கரியால் வட்டம் போட்டு அனுப்புகிறேன். உன் மனைவிக்கு என் அன்பு. உன் வீட்டுத் தெய்வங்கள் உன்னையும், முக்கியமாக வழியில் அந்தப் பானையையும் காக்கட்டும்.

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. பாதி வட்டம்தான் போட்டிருந்தேன், அத்தை உள்ளே வந்து கையை நீட்டினார். "மூடியக் குடுங்க மாப்பிள்ளை. அடுப்புல கடலை பொங்குது."

அவரே உட்கார்ந்து சொன்னார்: "உங்க மாமா அந்த மாடத்துல எதுக்குள்ள இருக்காருன்னு நெனச்சீங்க? எங் கடலைப் பானைக்குள்ளதான். கல்யாணத்துலேர்ந்து அதுலதான் ஆக்கினேன். வேற எதுலயும் அவருக்குத் தூக்கம் வராதுன்னு அதுலயே வச்சு அனுப்பிட்டேன். அப்புறம் எதைத் தின்னாலும் மண்ணு. இது அதே கொசவன் பானை. சாவுக்குன்னு வாங்கிட்டு, இதுல ஆக்குன்னு எந்த வாயால சொல்றது? அந்தப் பொண்ணு கேக்காம தூக்கி வச்சா. மொத வாய்லயே தெரிஞ்சு போச்சு."

"அப்ப ஏன் அத்தை சூடா இருக்கு, பிசுபிசுங்குதுன்னு என் உசிர வாங்குனீங்க?"

"நீங்க பொய் சொல்ற அழகப் பாக்கத்தான். தெக்கு ஜன்னலாம்! அந்த அறையில ஜன்னலே கெடையாது."

இந்த வருஷம் பானை மாடத்துக்குப் போகவில்லை. நன்றாகக் கரி ஏறிப் பழகட்டுமாம். புத்தம் புதுப் பானையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் மாமா சிரிப்பாராம். அதனால் நீ பானை வாங்க வேண்டாம் என்று எழுதப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கிட்டு வரச் சொல்லுங்க. உங்களுக்கு. இப்பவே அடுப்புல ஏத்திப் பழக்கினாத்தானே?"

வாங்கி வா மச்சான். கொஞ்சம் பெரிதாகவே பார், ஹெலிக்கே சமையலில் நான் பருத்துவிட்டேன்.